பிக்கப் வண்டியின் இடது கதவு

ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒருநாளும் வராது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதும்போதுகூட இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நான்கு தடவை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முழங்கால் நோகிறது, ஆனாலும் உட்கார முடியவில்லை. இளமையில் இதற்குச் சுறுசுறுப்பு என்று பெயர் வைத்திருந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தச் சுறுசுறுப்பால் ஒரு மனிதருக்குக் கிடைக்கவிருந்த பிழைப்பும், இருந்த நல்ல பெயரும் போயின. ஒரு பெண்ணின் கை போனது. என் மனைவி உயிரோடு இருந்தவரை அவளிடம்கூட இதைச் சொல்லவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். மாத்தளையில் ஆங்கிலம் படித்தவன், சொல்வதைப் பிழையில்லாமல் எழுதுகிறவன் என்று துரைக்கு என்மீது நம்பிக்கை. அவர் வெள்ளைக்காரர். மிச்சமிருந்த கடைசி வெள்ளைக்காரத் துரைமாரில் ஒருவர். வேலை வாங்குகிற தமிழ் அவருக்கு நன்றாகத் தெரியும்: வா, போ, சீக்கிரம், கொழுந்து போதாது. ஆனால் ஒருவர் நாலு வசனம் சேர்த்துப் பேசினால் என் பக்கம் திரும்பிவிடுவார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்வேன்.

தோட்டத்து ஜீப் படுத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து எதுவும் வராத காலம் அது. ஜீப்புக்குச் சாமான் இல்லை, புது வண்டி என்ற பேச்சே இல்லை, டயர் வாங்கவும் பெர்மிட் வேண்டும். அப்போதுதான் துரைக்கு பக்டரிக்குப் பின்னால் கிடந்த பழைய பிக்கப் நினைவுக்கு வந்தது. உலக யுத்தத்துக்கு முன்னால் இருந்த ஒரு துரை ஓட்டியது. பல வருடமாகக் கோழிகள் அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. என்ஜினைப் பக்டரிக்காரர்களே உயிர்ப்பித்துவிட்டார்கள். உடம்புதான் போய்விட்டிருந்தது. அந்தக் காலத்து வண்டிகளுக்குத் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும். கறையான் சட்டத்தைத் தின்றுவிட்டது. கதவுகள் தகரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

மாத்தளையிலிருந்து, வண்டிகளுக்குத் தகர வேலை செய்கிற ஒரு டிங்கரிங் பாஸைக் கூட்டிவந்தேன். சோனகர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். டவுனில் ரோட்டோரம் ஒரு சாய்ப்புக் கொட்டிலுக்குள் வேலை செய்துகொண்டிருந்தார். இடத்துக்காரன் அதை இடித்துக் கடை கட்டப்போகிறான் என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். வீட்டில் மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும். துரை வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, நான் மொழிபெயர்க்க, ஒரு வாக்குக் கொடுத்தார்: வண்டி நன்றாக வந்தால் பக்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் காலி ஷெட் நானாவுக்கு. எங்கள் தோட்டத்து லொறிகளும் பக்கத்து இரண்டு தோட்டத்து வண்டிகளும் அவர் கையில்தான். நானா அந்த ஷெட்டுக்குள் போய், சுவரைத் தட்டிப் பார்த்து, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

“மழ ஒழுகாது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் பிறகு தினமும் சாப்பாட்டுப் பார்சலை அந்த ஷெட்டுக்குள் போய்த்தான் பிரிப்பார்.

லொறிப் பெட்டி கட்டுகிற ஹல்மில்ல மரத்தில் சட்டங்கள் செய்தார். தகரம் மாற்றினார், ஒட்டினார், தட்டினார். கீல்களின் தேய்ந்த ஊசிகளுக்குப் பதிலாக டவுனில் புது ஊசி கடைந்து கொண்டுவந்தார். இரண்டு கதவையும் தூக்கி மாட்டினார். மாட்டியதோடு சரி. சுற்றிவர இடைவெளி பார்ப்பது, பூட்டைப் பொருத்துவது எதையும் தொடவில்லை. வண்டி அப்போது நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது. டயர் பெர்மிட் கொழும்பில் எங்கேயோ கிடந்தது.

அங்கேதான் என் காலுக்கு வேலை வந்தது. ஆபீஸிலிருந்து வண்டி நின்ற இடத்துக்கு ஒரு சின்ன இறக்கம். காலையில் போவேன், தபால் பிரித்துவிட்டுப் போவேன், சம்பளப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போவேன். கம்பெனியின் விசிட்டிங் ஏஜென்ட், தோட்டத்தைச் சோதிக்க வருடத்துக்கு இரண்டு முறை வருகிற பெரிய துரை, வருகிற திங்கட்கிழமைகளில் ஒன்றில் வரப்போகிறார் என்று கடிதம் வந்திருந்தது. அவருக்கு முன்னால் வண்டி ஓட வேண்டும் என்று துரை ஒருமுறை சொன்னார். நான் அதை நானாவிடம் இருபது முறை சொன்னேன்.

“கதவ முடிச்சா என்ன நானா? சும்மாதானே நிக்கிறீங்க?”

“சும்மா நிக்கல்ல. டயருக்குத்தான் நிக்கிறேன்.”

“கதவுக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?”

அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். “வண்டி இப்ப கட்டையில ஈக்கி. கட்டைக்குத் தோதா கதவப் போட்டா, ரோட்டுல எறங்கினப் பொறகு கதவு வேற, வண்டி வேற. அது தன்ட கால்ல நிக்கணும். பொறத்தால பாரம் ஏத்தணும். சீட்டுல ஆள் குந்தணும். ஒரு நாள் அப்படியே உட்டுட்டு, எங்க தாழ்ந்தீக்கின்னு பாத்துத்தான் கதவு.”

தோட்டத்து டிரைவர் அங்கே மதிற்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என் வயதுக்காரர், வாயை மூடத் தெரியாதவர். “கிளாக்கரையா இந்த ரோட்டுல நடந்த நடைக்கு, நேரா கொழும்புக்கு நடந்திருந்தா டயரக் கையோட கொண்டாந்திருக்கலாங்க” என்றார். நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆபீஸுக்குத் திரும்பிப் போய், அலுமாரியில் கிடந்த அந்த வண்டியின் ஆங்கிலக் கைநூலைத் தேடி எடுத்தேன். கதவுப் பூட்டு பற்றி அதில் இரண்டு பக்கம் இருந்தது. படித்தேன். படித்த பிறகு, இந்த மனிதருக்குப் பழக்கம் இருக்கிறது, எனக்கு அறிவு இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை.

பெரிய துரை வருகிற திங்களுக்கு முந்திய புதன்கிழமை டயர்கள் வந்தன. நானா அன்றே வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கினார். பின்னால் பத்து மூட்டை உரம் ஏற்றச் சொன்னார். டிரைவரை உள்ளே உட்காரவைத்தார். வியாழன் முழுக்கக் கதவுகளோடு இருந்தார். பழைய பேப்பரைக் கீற்றாகக் கிழித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சாத்துவார். பிறகு பேப்பரை இழுப்பார். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. மேலே, கீழே, பக்கத்தில் என்று ஒரு கதவுக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் இழுத்துப் பார்ப்பார். கீலுக்குக் கீழே பால்மா டின் தகட்டை வெட்டி வைப்பார். ஒரு தகடு, அரைத் தகடு. வலது கதவு அன்று மாலையே அமைந்துவிட்டது. ஒரு விரலால் தள்ளினால் போய் ஒட்டிக்கொள்ளும்.

இடது கதவு ஒட்டவில்லை. பாரம் ஏறியதும் வண்டியின் இடதுபக்கம் மயிரளவு தாழ்ந்திருந்தது. கதவு சாத்தினாலும் மேல்மூலை ஒரு விரற்கடை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பூட்டு எப்படி வேலை செய்யும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். கதவில் ஓர் இரும்பு நாக்கு. தூணில் அந்த நாக்கைப் பிடிக்க ஓர் இரும்புத் தட்டு. தட்டில் இரண்டு பற்கள். நாக்கு முதல் பல்லைத் தாண்டி இரண்டாம் பல்லில் போய் விழ வேண்டும். இந்தக் கதவின் நாக்கு முதல் பல்லோடு நின்றது. அதிலும் இந்த வண்டியின் கதவுகளுக்குக் கீல் பின்பக்கம். கதவு முன்னாலிருந்து பின்னால் திறக்கும். ஓடும்போது நாக்கு நழுவினால் காற்றே கதவைப் பிடித்து விரித்துவிடும்.

நானா கதவைத் தொடவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, இடதுபக்கம் உடம்பு அடிச்சட்டத்தில் உட்காருகிற இடத்தில் பழைய டயர் ரப்பரை வெட்டி வைத்து முறுக்கினார். ஒரு நாள் விட வேண்டும், ரப்பர் நசுங்கின பிறகு இன்னொன்று வைக்க வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி முறுக்கிப் பார்த்தார். பாதி தூரம் வந்திருந்தது. ஜும்மாத் தொழுகைக்கு மாத்தளைக்குப் போக வேண்டும். கைகழுவிவிட்டு, ஒரு தும்புக்கயிற்றை ஜன்னல் வழியாகக் கொடுத்து, இடது கதவைச் சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்.

“கிளாக்கரையா, இந்தக் கயித்த அவுக்க வேணாம். நாளைக்கு மொதல் பஸ்ஸில வாறேன். நாளைக்கு முடிச்சிடுவேன், இன்ஷா அல்லாஹ்.”

“மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டாச்சு” என்றார் டிரைவர்.

“மாடு செல்லுக் கேக்கும். கிளாக்கரையாவ நெனச்சாத்தான் பயமா ஈக்கி” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நானா இறக்கத்தில் நடந்தார்.

அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பகல் இரண்டு மணியளவில் துரை ஆபீஸுக்குள் எட்டிப் பார்த்து, மாலையில் வண்டியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். “முடிந்துவிட்டதா?” என்று கேட்டார். “கிட்டத்தட்ட” என்றேன். அவர் போனதும் நாற்காலியில் இருக்க முடியவில்லை. கணக்கு எழுதப் பார்த்தேன். எழுந்தேன். ஜன்னலிடம் போனேன். கயிறு கட்டிய வண்டியைத் துரை பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், என் வேலை முடியவில்லை என்று நினைப்பார். மறுநாள் காலைவரை பொறுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பின்னேரத்தைக் கடக்க என்னால் முடியவில்லை. அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. எத்தனையோ வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.

பக்டரியில் பல் பெரிதான ஓர் அரம் கேட்டு வாங்கினேன். மொத்த அரம். இறக்கத்தில் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். இரண்டாம் பல் தடுக்கிறது, அதனால்தான் நாக்கு உள்ளே போகவில்லை என்று கைநூல் படத்தை வைத்து எனக்கு நானே விளங்கப்படுத்திக்கொண்டேன். அந்தப் பல்லைத் தேய்த்தேன். கொஞ்சம் தேய்த்துச் சாத்திப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம். கடைசியில் கதவு போய் ஒட்டியது. டப் என்று ஒரு நல்ல ஒலி. மேல்மூலை உடம்போடு சமமாக நின்றது. வெளியே நின்று இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கயிற்றைச் சுருட்டிப் புதருக்குள் எறிந்தேன்.

பல் தேய்ந்தால் நாக்கு சுலபமாக உள்ளே போகும், அதே சுலபத்தில் வெளியே வரும். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. நின்ற வண்டியில் அது பிடித்தது. வளைவில் உடம்பு முறுகும்போது பிடிக்காது. அதற்குத்தான் அந்த மனிதர் ஒரு நாள் கேட்டார்.

துரை வந்தார். இரண்டு கதவையும் மூன்று முறை திறந்து சாத்தினார். “அருமை” என்றார். என் தோளைத் தட்டினார். நான் நானாவின் பெயரை அப்போது எடுக்கவில்லை.

சனிக்கிழமை விடியலில், தோட்டத்துப் பாதைக் கற்களுக்கு வெள்ளை பூச இரத்தோட்டையிலிருந்து சுண்ணாம்பு கொண்டுவர வண்டியை அனுப்பச் சொன்னார் துரை. டிரைவர் சந்தோஷமாக வந்தார். பின்னால் அவர் மனைவி. கொழுந்து எடுக்கிற பெண், பல்வலியில் கன்னம் வீங்கியிருந்தது.

“ஐயா, இவளையும் ஆஸ்பத்திரில எறக்கிட்டு வந்திடட்டுங்களா? ராவெல்லாம் தூங்கலிங்க.”

நானா வராமல் வண்டி போகக்கூடாது என்று சொல்ல எனக்கு அது ஒரு கடைசிச் சந்தர்ப்பம். முதல் பஸ் வருகிற நேரம்தான் அது. நானோ என் கதவைப் பற்றிப் பெருமையில் இருந்தேன்.

“அதுக்கென்ன, முன்சீட்டுலயே உக்காரட்டும்” என்றேன்.

“கேட்டியா? தொரசானி மாதிரிப் போற. கண்ணாடிய எறக்கி, கையக் கிய்ய ஆட்டு” என்று டிரைவர் அவளைச் சீண்டினார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “சும்மா இருங்க, வலிக்குது” என்றாள் அவள். ஏறி உட்கார்ந்தாள். கதவை நான்தான் சாத்தினேன். கயிறு எங்கே என்று டிரைவர் கேட்கவில்லை. ஜும்மா முடிந்து நானா திரும்பி வந்து கதவை முடித்துவிட்டதாக நினைத்திருப்பார்.

இறக்கத்தில் வலதுபக்கமாக வளைகிற இரண்டாவது திருப்பத்தில் கதவு விரிந்தது. அவள் ரோட்டோரத்தில் கல் கட்டிய வடிகானுக்குள் இடது கை கீழாக விழுந்தாள். அந்த நேரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி மேலே நடந்து வந்துகொண்டிருந்தவர் நானா. அவளைத் தூக்கி வண்டியில் வைத்ததே அவரும் டிரைவருமாகத்தான். தன் சால்வையால் கையைக் கட்டிவிட்டார். டிரைவர் அவரைப் பார்த்து, “உன் கதவுதான்யா, உன் கதவுதான்” என்று கத்திக்கொண்டே வண்டியை எடுத்தாராம். பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். பத்து மணிக்கு முன்பே தோட்டம் முழுக்க அதுதான் பேச்சு.

பகலுக்குள் வேறொருவர் வண்டியை மேலே கொண்டுவந்தார். டிரைவர் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டார். வண்டிக்குப் பக்கத்தில் துரை, நானா, நான், மூவரும் நின்றோம். நானாவின் சட்டையில் இரத்தம் காய்ந்திருந்தது. அவர் கதவைத் திறந்து தட்டைப் பார்த்தார். விரலால் அந்தப் பல்லைத் தடவினார். அரம் தின்ற இடம் வெள்ளையாகப் பளபளத்தது. பிறகு என்னைப் பார்க்காமல், ஆனால் என்னிடம் பேசினார்.

“கிளாக்கரையா, தொரைக்கிட்ட செல்லுங்க. இந்தக் கதவ நான் முடிக்கல்ல. கயித்தால கட்டிட்டுத்தான் போனேன். ஆரோ கயித்த அவுத்து, இந்தப் பல்ல அரத்தால தேச்சீக்கி. இது மொத்த அரம். என்ட பெட்டில இப்படி ஒரு அரமில்ல, வேணுமெண்டா தொறந்து பாக்கட்டும்.”

துரை என் பக்கம் திரும்பினார்.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. யோசித்துத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். வாய் தானாகத் திறந்தது. நல்ல ஆங்கிலத்தில், பிழையில்லாமல் சொன்னேன்: “சொறி என்கிறார், சேர். கதவு பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தாராம்.”

“கயிறு என்று ஏதோ சொன்னாரே?” துரைக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது.

“வேலை செய்யும்போது கயிற்றால் கட்டி வைத்திருந்தார், சேர். முடித்ததும் அவிழ்த்துவிட்டாராம்.”

சொறி என்ற அந்த ஆங்கிலச் சொல் தெரியாதவர் இந்த நாட்டில் யார்? பஸ்ஸில் காலை மிதித்தவனும் அதைத்தான் சொல்வான். நானா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு சட்டம் எங்கே உளுத்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

“நான் சொறி செல்லல்லியே” என்றார், மெதுவாக.

துரை அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். நாலடி போய்த் திரும்பி, தன் தமிழில், “இனி வேணாம். போ” என்றார். நானா பெட்டியைத் தூக்கினார். ஷெட்டுக்குள் வைத்திருந்த சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை பெரிய துரை தன் காரில் வந்தார், பக்டரியைப் பார்த்தார், சாப்பிட்டார், போனார். பிக்கப்பை அவர் பார்க்கவேயில்லை.

டிரைவரின் மனைவிக்குத் தோள் எலும்பும் முழங்கையும் உடைந்திருந்தன. தோள் கூடியது. முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. கொழுந்து எடுக்க இரண்டு கையும் வேண்டும். அவளைப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கப் போட்டார்கள். நான்தான் அதற்கு எழுதிக் கொடுத்தேன். ஏதோ நல்லது செய்துவிட்டதாக இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு மறுபடி கால் நடக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டங்கள் நானாவைக் கூப்பிடவில்லை. டவுனில் அவருடைய சாய்ப்பை இடித்துவிட்டார்கள். குடும்பத்தோடு நாவுல என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு ஞாயிறு நாவுலைக்கு பஸ் ஏறினேன். விசாரித்ததில் சுலபமாகக் கிடைத்தார். ரோட்டோரத்தில் ஒரு புளியமரத்தடி, தலைக்குமேல் நாலு தகரம். டிரக்டர் மட்காட் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னை உடனே தெரிந்துகொண்டார். ஒரு பெட்டியைக் கவிழ்த்து, “குந்துங்க” என்றார். நான் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்” என்றார்.

“எப்ப தெரியும்?”

“அண்டைக்கே. பக்டரில மட்டுந்தான் அந்த அரம் ஈந்த.”

“அப்ப ஏன் நானா நீங்க...”

“ஆருக்கிட்ட செல்ல? தொரைக்கிட்ட செல்ல எனக்கு உங்கட வாய்தானே ஈந்த.”

மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் மட்காட்டைத் திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார்.

“என்ட மன்னிப்பு உங்களுக்கு நல்லது. எனக்கு அதால என்ன? ஷெட்டுப் போனது போகட்டும், ரிஸ்கு அல்லாஹ் தாறது. அந்தப் புள்ள ஈக்கே, கை வலிக்கிற நேரமெல்லாம் என்னத்தானே ஏசும். சரியா வேல செய்யாத சோனகன் கைய ஒடிச்சான்னு. அதுதான் எனக்குப் பொறுக்கேலாம ஈக்கி. அவகிட்டப் போய்ச் செல்லுங்க. அது போதும்.”

“சொல்றேன்.”

“எப்ப?”

“இந்தக் கிழமையே.”

அந்தக் கிழமையே போனேன். லயத்தில் டிரைவரின் காம்பராவுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் வலது கையால் கேத்தலைச் சாய்த்து, மடங்கிய இடது கையின் உட்பக்கத்தில் கோப்பையை அணைத்துப் பிடித்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். டிரைவர், “கிளாக்கரையா நம்ம வூட்டுல பத்து நிமிஷம் உக்காந்தாருன்னா மழதான் வரும்” என்றார். தேத்தண்ணியைக் குடித்தேன். மழை பற்றிப் பேசினேன். எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று முறையோ நான்கு முறையோ அந்த வாசல்வரை போயிருக்கிறேன். சொன்னால் டிரைவர் என்னை என்ன செய்வார் என்ற பயம் இல்லை. என்னைக் கண்டதும் அவர்கள் எழுந்து நிற்பார்களே, இனி நிற்கமாட்டார்கள் என்ற பயம்.

அடுத்த வருடம், தோட்டத் தமிழரை அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் அவர்களுக்கு இந்தியா போகக் கடிதம் வந்தது. பத்திரங்களை நான்தான் நிரப்பினேன். உடலில் அடையாளம் என்ற இடத்தில், இடது முழங்கை மடங்கியது என்று என் கையாலேயே எழுதினேன். மாத்தளை ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். எத்தனையோ குடும்பங்கள், தகரப்பெட்டிகள், பாய்ச் சுருள்கள். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுகிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு விட்டால் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மேடையில் மேலும் கீழும் நடந்தேன்.

அவளே என்னைக் கூப்பிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

“கிளாக்கரையா, மாத்தள டவுனுக்குப் போவீங்கதானே. அந்த டிங்கரிங் பாஸ எங்கயாச்சும் கண்டா ஒரு வார்த்த சொல்லுங்க. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கலன்னு. அன்னைக்கு அவருதானே என்னையத் தூக்கினாரு, துணியால கட்டினாரு. தெரிஞ்சா செஞ்சாரு? வேலையில பெழ வாறதுதானே. போற எடத்துக்கு அதையும் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு பாக்குறேன்.”

“சரி, சொல்றேன்” என்றேன்.

“மறந்திடாதீங்க” என்றாள்.

ரயில் போனது. மறுவாரம் நாவுலைக்கு பஸ் ஏறினேன். அந்த மரத்துக்கு எதிர்ப்பக்கம் இறங்கி நின்றேன். நானா ஒரு லொறிக் கதவுக்கு முன்னால் குந்தியிருந்தார், பேப்பர் கீற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டு. அவள் மன்னித்துவிட்டாள் என்று அவரிடம் சொன்னால், எதை மன்னித்தாள் என்று கேட்பார். நான் அவளிடம் சொல்லவில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். சொல்லாமல் விட்டால், அவள் இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். ரோட்டைக் கடக்க இரண்டு முறை காலெடுத்து வைத்தேன். மாத்தளை பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

நானா மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது என்று சில வருடங்களுக்குப் பிறகு டவுனில் ஒருவர் சொன்னார். அவள் இந்தியாவில் எந்த ஊரில் இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. பத்திரத்தில் ஒரு ஊர்ப்பெயர் எழுதியிருந்தேன். அதுவும் மறந்துவிட்டது.